புகை நேராக நிற்கும் இடம்

பல்லடத்துக்குத் தெற்கே, காற்றாலைகள் வரிசைகட்டி நிற்கும் ஊர் ஒன்று. அங்கே தமயந்தி, இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறை வைத்திருந்தாள். வயது முப்பத்து நாலு. அந்த வருஷம் வைகாசியில் அவளிடம் வேலை பழக ஒரு சீடர் வந்து சேர்ந்தார். அவருக்கு அறுபத்தொன்று.

பெயர் சென்னியப்பன். முப்பது வருஷம் அதே ஊர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார். தமயந்தியும் அவரிடம் படித்தவள்தான். முதல் நாளே கேட்டுவிட்டாள்.

"பத்தாவதுல எனக்கு இருபத்தெட்டு மார்க் போட்டீங்களே, ஞாபகம் இருக்குங்களா சார்?"

"வந்தது இருபத்தாறும்மா. ரெண்டு நானாச் சேர்த்துப் போட்டேன்."

"அதான பார்த்தேன். எனக்கே அதிகமாத்தான் பட்டுச்சு."

அன்றிலிருந்து அவர் அவளை 'வாத்தியாரம்மா' என்று கூப்பிட்டார். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். இரண்டாவது வாரத்தில் விளையாட்டு போய்விட்டது, வாத்தியாரம்மா மட்டும் நிலைத்துவிட்டது.

அவரை வெல்டிங் பழக அனுப்பியது மூன்று படிக்கட்டு. வீட்டுக்குப் பின்னால் புழக்கடைக்கு இறங்குகிற படி. மாசி மாதம் அவர் மனைவி நாச்சம்மாள் அதில் சறுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து, இப்போது ஈரோட்டில் மகள் வீட்டில் இருந்தாள்.

படிக்குக் கீழே, முருங்கையை ஒட்டி, துவைக்கிற கல் ஒன்று கிடந்தது. மத்தியானச் சோறு முடிந்தால் நாச்சம்மாள் போய் அந்தக் கல்லில் மேற்கே பார்த்து உட்கார்ந்துகொள்வாள். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அப்படித்தான். கைப்பிடி இல்லாத படியில் இனிமேல் காலே வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"நானே என் கையால செஞ்சு வைக்கிறேன்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார் சென்னியப்பன்.

ஆள் வைத்து ஒரே நாளில் முடித்திருக்கலாம். ஆனால் அவள் விழுந்த அன்று அவர் முன்வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் கூப்பிட்டது காதில் விழவில்லை. நாலு தடவை கூப்பிட்டாளாம். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ராடு வெல்டிங் அவருக்குச் சரிப்படவில்லை. ராடு கரையக் கரையக் கையும் கூடவே இறங்க வேண்டும். அவர் விரலில் லேசான நடுக்கம். மிக் மெஷின் என்றால் டார்ச்சை அழுத்தினால் போதும், கம்பி தானாக வந்துகொண்டிருக்கும். அதில் கை நிலையாக நின்றது. பட்டறையில் இருந்த இரண்டு மிக் மெஷினிலும் மாற்றி மாற்றிப் பழகினார். ஒன்று கேஸ் சிலிண்டர் மாட்டுவது. இன்னொன்றுக்குக் கேஸ் வேண்டாம், கம்பிக்குள்ளேயே பொடி இருக்கும்.

ஆனி பிறந்ததும், இரண்டு மெஷினின் நல்லது கெட்டதையும் எழுதிய ஒரு நோட்டோடு வந்தார்.

"வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கலாம்னு இருக்கேன் வாத்தியாரம்மா. கேஸ் மெஷினா, பொடிக் கம்பி மெஷினா? எதை வாங்கட்டும்?"

தமயந்தி நோட்டைப் புரட்டினாள்.

"மார்ஜின் எல்லாம் போட்டிருக்கீங்க."

"எது நல்லதுன்னு சொல்லுங்க."

"உங்களுக்கு எது புடிச்சிருக்குங்க?"

"கேஸ்தான். புகை இல்லை, பொறி பறக்கறதில்லை. வெல்டிங் ஒட்டைப் பாருங்க, காசை அடுக்கி வச்சாப்பல விழுது. பொடிக் கம்பி ஒரே புகை. ஒட்டும் கரடுமுரடா இருக்கு."

"கிரைண்டர் போட்டா கரடு போயிருமுங்க."

"அழகுன்னு ஒண்ணு இருக்கே."

"இருக்குங்க" என்று ஒத்துக்கொண்டாள் தமயந்தி.

எழுந்து போய், சுவரில் இருந்த சாமி படத்தின் பின்னாலிருந்து ஊதுபத்தி பாக்கெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"மெஷினை எங்க வைக்கப் போறீங்களோ அந்த இடத்துல ஒண்ணைக் கொளுத்தி வச்சுப் பாருங்க."

"எதுக்கு, பூசைக்கா?"

"உருகுற இடத்தைக் காத்து தொடக்கூடாதுங்க சார். கேஸ்தான் அதுக்குக் குடை புடிக்குது. காத்து பலமா அடிச்சா குடை பறந்துரும். ஒட்டு பூராவும் பொத்தல் பொத்தலா, பன்னு மாதிரி வரும். பொடிக் கம்பின்னா கொஞ்சம் காத்துக்குத் தாங்கும்."

அன்று மத்தியானமே புழக்கடையில் ஊதுபத்தியை ஏற்றினார் சென்னியப்பன். புகை எழவே இல்லை. அப்படியே படுத்துக்கொண்டு கிழக்கே ஓடியது.

மறுநாள் போய்ச் சொன்னார்.

"புகை படுத்துடுச்சு வாத்தியாரம்மா."

"சரிங்க" என்று சொல்லிவிட்டுத் தமயந்தி ஷீல்டை முகத்தில் இறக்கிக்கொண்டாள்.

அந்தச் 'சரிங்க'வை இரண்டு நாள் மனசில் வைத்துப் பார்த்தார். கணக்கில் ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி போட்டுப் பார்ப்பதுதானே அவர் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொடுத்தது. மூன்றாம் நாள் ஆறு தகர ஷீட்டும் இரும்பு ஆங்கிளும் வந்து இறங்கின.

புழக்கடையின் மேற்குப் பக்கம் கால் நட்டு, ஒவ்வொரு தகரமாகப் போல்ட் போட்டு ஸ்பானரால் முறுக்கினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊதுபத்தி. முதல் தகரத்துக்குப் புகை கொஞ்சம் தலை தூக்கியது. மூன்றாவதுக்கு ஆடிக்கொண்டே எழுந்து நின்றது. ஆறாவது தகரத்தின் கடைசிப் போல்ட்டை இறுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நூல் பிடித்ததுபோலப் புகை நேராக மேலே போனது. தனியாக நின்று சிரித்துக்கொண்டார்.

சாயங்காலம் நாச்சம்மாள் போன் செய்தாள்.

"வர்ற வியாழக்கிழமை கூட்டிட்டு வந்து விடறேன்னு மக சொல்லிருச்சு. கைப்பிடி ஆயிருச்சுங்களா?"

"மெஷின் வந்துட்டா ரெண்டே நாள்."

"இன்னும் மெஷினே வாங்கலையா? நீங்க கோடு போட்டே காலத்தை ஓட்டிருவீங்க."

"எல்லாம் தயார் நாச்சா. நீ வந்து பாரு."

"என்ற கல்லு இருக்குதுங்களா?"

"கல்லு எங்க போகப் போகுது?"

"இங்க மூணாவது மாடி. சன்னலைத் தொறந்தா எதுத்த வீட்டுச் சுவரு" என்றாள் நாச்சம்மாள். "சரி, வச்சுடறேன்."

மறுநாள் மத்தியானம் சென்னியப்பன் கூப்பிட்டதால் தமயந்தி மொபெட்டில் வந்தாள். புழக்கடை வாசலில் நின்றாள். தகரத்தைப் பார்த்தாள்.

கைப்பிடி வரப்போகிற இடத்தில், இடுப்பு உயரத்துக்கு ஒரு நைலான் கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தார் சென்னியப்பன். கதவு நிலையில் தொடங்கி, மூன்று படி இறங்கி, துவைக்கிற கல் வரைக்கும்.

"இதுதான் லைன். எங்கயும் ஒரு நூல் பிசகாது" என்றார்.

"அம்மாவுக்கு எந்தப் பக்கம் அடிபட்டுச்சுங்க?"

"இடது."

தமயந்தி செருப்பைக் கழற்றினாள். வலது கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடது காலைக் கீழே வைத்தாள். வலது காலைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் சேர்த்தாள். நின்றாள். மறுபடி ஒரு படி. மறுபடி நின்றாள். சென்னியப்பனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஊதுபத்தி ஒன்றை எடுத்து ஏற்றிக் கல்லுக்குப் பக்கத்தில் மண்ணில் செருகினார்.

அவள் கயிற்றை விடாமல் கல் வரைக்கும் நடந்தாள். மேற்கே பார்த்து உட்கார்ந்தாள். இரண்டு கை தூரத்தில் தகரம் வெயிலில் பளபளத்தது.

பக்கத்தில் புகை ஆடாமல் அசையாமல் நின்றது.

"பார்த்தீங்களா?" என்றார் சென்னியப்பன். குரலில் பெருமை இருந்தது. "இப்பச் சொல்லுங்க வாத்தியாரம்மா. எந்த மெஷின் வாங்கட்டும்?"

தமயந்தி தகரத்தையே பார்த்தாள். அப்படியே உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வேர்வை அரும்பியது. துப்பட்டாவால் துடைத்தாள். கழுத்தைத் துடைத்தாள். மறுபடி நெற்றி வேர்த்தது. தகரத்துக்கு அந்தப் பக்கம் காற்று மோதிச் சடசடக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு அவரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"வீட்டுல விசிறி இருக்குங்களா சார்?"

"இருக்கும். எடுத்துட்டு வர்றேன்" என்று சென்னியப்பன் படியேறினார். இரண்டாவது படியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது அவர் கையில் விசிறி இல்லை. ஸ்பானர் இருந்தது.