மூச்சுக்கு உத்தரவு போட்ட ராஜா

ரொம்பக் காலத்துக்கு முன்னால் செம்மேட்டுச் சீமையைப் பூவராக ராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. ஆனால் தன் உத்தரவு இல்லாமல் எது நடந்தாலும் அவனுக்குப் பொறுக்காது. போன மாதம், கேட்காமல் பெய்த மழையை விசாரிக்கச் சொன்னான். அதற்கு முந்தின மாதம், அரண்மனைப் பூனை ஏழு குட்டி போட்டதற்கு விளக்கம் கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தவர் மந்திரி தாண்டவர்.

ஒருநாள் சபையில் ராஜா தானே எழுதிய பாட்டைப் படித்துக்கொண்டிருந்தான். வாசல் காவலன் இருளப்பன் மண்டபம் அதிரத் தும்மிவிட்டான்.

"யாரைக் கேட்டுத் தும்மினாய்?" என்றான் ராஜா.

"நான் தும்மலைங்க மகாராஜா. அதுவா வந்துடுச்சு."

"அதுவாக என்றால்? உனக்குள்ளே வேறு யார் இருக்கிறான்?"

தாண்டவர் கண்ணை மூடிக்கொண்டார். இது எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

ராஜாவின் பட்டப்பெயர்களை முழங்கும் கட்டியக்காரன் சடகோபன் முன்னே வந்தான். மந்திரி பதவி மேல் அவனுக்கு வெகுநாளாகக் கண். "தும்மல் கிடக்கட்டும் பிரபு. தங்கள் திருமார்பிலேயே ஒருவன் தங்களைக் கேட்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். மந்திரிக்கு இது தெரியும். சொல்லாமல் மறைக்கிறார்" என்றான்.

ராஜா அந்த இடத்திலேயே மூச்சை அடக்கிப் பார்த்தான். முகம் சிவந்தது, கண் பிதுங்கியது, கடைசியில் மூச்சு தன்பாட்டுக்கு வந்துவிட்டது. "என் மார்பிலேயே கலகமா? தாண்டவரே, நாளைக் காலைக்குள் அந்த ஆளைப் பிடியும். இல்லாவிட்டால் இருளப்பனுக்கு மூக்கு இருக்காது, உமக்குப் பதவி இருக்காது."

தாண்டவர் பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பிரபு, அது ஆள் இல்லை. காற்று மூக்கு வழியாக வருகிறது. மூக்கு அதைச் சூடாக்கித் தூசியைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு குழாய் வழியே நெஞ்சுக்குள் இறங்குகிறது. அந்தக் குழாய் தலைகீழாக நிற்கும் மரம் போலக் கிளைகிளையாகப் பிரியும். கிளை நுனியெல்லாம் சின்னச் சின்னக் காற்றுப் பைகள். அங்கே ரத்தம் நல்ல காற்றை எடுத்துக்கொண்டு கெட்ட காற்றைக் கொடுத்துவிடும்."

"காற்றை உள்ளே இழுப்பது யார்?"

"விலா எலும்புக்கு அடியில் ஒரு சதைத் திரை. அது கீழே இறங்கினால் காற்று உள்ளே வரும், தளர்ந்து மேலே ஏறினால் வெளியே போகும்."

"திரைக்கு உத்தரவு?"

"மூளையின் அடிப்பக்கம், பிடரிக்கு நேராக ஓரிடம். அங்கிருந்து போகிறது."

"அப்படியானால் பிடரியில்தான் ஒளிந்திருக்கிறான். கைது செய்யும்."

தாண்டவருக்கு நெற்றியில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை சொல்லியும் பலனில்லை. இருளப்பன் இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். மனதுக்குள் ஒன்றை முடிவு செய்தார்.

"ஆகட்டும் பிரபு. நாளை சூரியன் உதிக்கும் நேரத்திலிருந்து அவனுக்கு வேலை இல்லை. ஆனால் அவன் வேலையை யாராவது பார்க்க வேண்டுமே. நாழிகைக்கு முந்நூற்று அறுபது மூச்சு. ஒவ்வொன்றுக்கும் 'இழு', 'விடு' என்று உத்தரவு சொல்ல வேண்டும். அது காதில் விழாமல் தாங்கள் மூச்சு விடக்கூடாது."

"என் குரலுக்கு இது ஒரு வேலையா?" என்று சடகோபன் மார்பைத் தட்டினான்.

மறுநாள் காலை தொடங்கியது. "இழு... விடு..." முதல் நாழிகை ராஜாவுக்கு வெகு சந்தோஷம். இரண்டாம் நாழிகையில் மேல்மாடத்துக்குப் படியேறினார்கள். ராஜாவின் உடம்பு இரண்டு மடங்கு மூச்சு கேட்டது. கூடவே ஏறிய சடகோபனுக்கோ மூச்சு வாங்கிப் பேச்சே வரவில்லை. ராஜா பாதிப் படியில் அவன் தோளைப் பிடித்து உலுக்கினான். "இழு" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் ராஜாவுக்குக் கண் இருட்டிவிட்டது.



மத்தியானம் சாப்பாடு. ராஜா ஒரு கவளத்தை விழுங்கும் சமயத்தில் சடகோபன், குரல் கம்மிப்போய், "இழு" என்றான். ராஜா இழுத்தான். பருக்கை மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. யாரும் உத்தரவு போடவில்லை. ராஜா இருமினான், இலை பறக்க இருமினான். பருக்கை வெளியே வந்து விழுந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்போது என்னைக் காப்பாற்றியது யார்?" என்றான்.

"தாங்கள் வேலையை விட்டு நீக்கினீர்களே, அவன்தான்" என்றார் தாண்டவர். "விழுங்கும்போது மூச்சுக்குழாயை மூடிவைத்து, மூச்சையும் நிறுத்திப் பிடிப்பவன் அவன். தப்பித் தவறி ஏதாவது நுழைந்தால் இருமித் தள்ளுகிறான். மூக்கில் தூசி ஏறினால் தும்மித் தள்ளுகிறான். உத்தரவுக்குக் காத்திருந்தால் நாம் யாரும் உயிரோடு இருக்க மாட்டோம். இதைத்தான் நேற்றே சொன்னேன். சரி, இனி மத்தியானத் தூக்கம். தூக்கத்தில் சடகோபன் சொல்வது தங்கள் காதில் விழுமா?"

ராஜா இலையை மடித்து வைத்தான். பிறகு மெதுவாக, "அவனை மறுபடி வேலையில் சேர்த்துவிடும்" என்றான். "இருளப்பன் வீட்டுக்குப் போகட்டும், மூக்கோடு. வாசல் தூசியில் நின்றவன் தும்மாமல் என்ன செய்வான்?"

சடகோபன் சமாதானம் சொல்ல வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. "நீ மூன்று மாதம் சபையில் வாயே திறக்காதே" என்றான் ராஜா. சபையில் சிரிப்பை அடக்க முடியாதவர்கள் தூணுக்குப் பின்னால் போனார்கள்.

"தாண்டவரே, உமக்கு என்ன வேண்டும், கேளும்."

"எட்டு நாள் பிரபு. யாரையும் எதையும் விசாரிக்கச் சொல்லாமல் எட்டே நாள்."

ராஜா யோசித்தான். "இரண்டு நாள்."

"ஆறு."

"நாலு. அதற்கு மேல் என்னால் தாங்காது."

தாண்டவர் அதை ஓலையில் எழுதி, முத்திரையும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்.