குகை வாசலில் நூறு தடங்கள்

காட்டில் புல் காய்ந்துவிட்டது. ஆற்றங்கரை வரை போனால்தான் மேய்ச்சல். அல்லி என்ற புள்ளிமானின் குட்டிக்கோ காலில் முள் ஏறி வீங்கியிருந்தது. நொண்டி நொண்டித்தான் நடந்தது. அதைத் தனியே விட்டுவிட்டு மேயப் போக அல்லிக்குப் பயம். போகாவிட்டால் பால் சுரக்காது.

மரத்துக்கு மரம் தாவிய குரங்குகள் கூவின: “குட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஆயாம்மா குகை மாதிரி வருமா! நூறு தாய்மார் தடம் பதித்த இடம்!”

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் இடம் பிடித்துப்போனால் அதன் வாசல் மண்ணில் காலைப் பதித்துவிட்டுப் போவார்கள். அந்தத் தடங்களைப் பார்த்துத்தான் மற்றவர்கள் உள்ளே போவார்கள்.

கூவிய குரங்குகளின் கன்னமெல்லாம் அத்திப்பழத்தால் உப்பியிருந்தது. இந்தப் பஞ்சத்தில் இவர்களுக்குப் பழம் கொடுத்தது யார்? அல்லிக்கு உறுத்தியது. இருந்தாலும் வேறு வழி தெரியாமல் குட்டியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

குகை வாசலில் நின்றது ஒரு கழுதைப்புலி. அல்லி இரண்டடி பின்வாங்கினாள்.

“பயப்படாதே தங்கம்! ஆயாம்மாவுக்குப் பல்லெல்லாம் கொட்டிப்போச்சு. புல்லுதான் சாப்பாடு” என்று அது வாயைத் திறக்காமலே சிரித்தது. “ஒரே ஒரு இடம்தான் பாக்கி. யோசித்தால் போய்விடும்!”

“ஏன்டி தயங்குறே?” என்றாள் பக்கத்தில் நின்ற பெண்மயில் மரகதம். “காலையில்தான் என் குஞ்சை விட்டேன். இதோ பார், உங்க ஜாதி மான்கூட இங்கே தடம் பதிச்சிருக்கா!”

அல்லி குனிந்து பார்த்தாள். மான் குளம்புதான். ஆனால் லேசாகப் பதிந்த தடமில்லை. முன்னங்காலால் ஒரே இடத்தில் ஓங்கி ஓங்கி உதைத்த குழி.

“மரகதக்கா, இதை என்னன்னு நினைச்சீங்க?”

“இது தெரியாதா? சந்தோஷத்தில் குதிச்சிருக்கா! எங்க ஆண் மயில் ஆடும்போது இப்படித்தானே தரையைத் தட்டும்! இந்தத் தடத்தை நம்பித்தானே என் குஞ்சை விட்டேன்!”

அல்லி குட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“அக்கா, எங்க இனத்தில் காலை இப்படித் தட்டினால் ஒரே அர்த்தம்தான். ஆபத்து, ஓடுங்கள்! இங்கே வந்த யாரோ ஒரு தாய் நமக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.”

மயிலின் கழுத்து இறகு விறைத்தது. “ஆயாம்மா! என் குஞ்சு எங்கே?”

“தூங்குதும்மா.”

“கூப்பிடு!”

“தூங்குற பிள்ளையை எழுப்பலாமா? நூறு பேர் நம்பினார்கள், உனக்கு மட்டும் என்ன சந்தேகம்?” என்று கழுதைப்புலி வாயைத் திறந்து கத்தியது. உள்ளே ஒரு பல்கூடக் கொட்டவில்லை.

“ஓடுடா கண்ணு!” என்று அல்லி குட்டியை முன்னால் தள்ளினாள். நொண்டிக்கொண்டே அது ஓடியது. மயில் கழுதைப்புலியின் முகத்தில் பாய்ந்து அதைத் துரத்தவிடாமல் மறித்தது; பிறகு குகை வாசலுக்கு மேலே பறந்து சுற்றிச் சுற்றி அகவியது. உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை.

அல்லி குட்டியை நிழலுக்கு நிழல் உட்காரவைத்து, மெல்ல மெல்ல ஆற்றங்கரைக்கே கூட்டிப்போனாள். புல்லை ஒரு வாய் கடிப்பாள். உடனே தலையைத் திருப்பிப் பார்ப்பாள், குட்டி இருக்கிறதா என்று.

நூறு பேர் சொன்னார்கள் என்பதற்காக நம்பாதீர்கள்; சொன்னவர் யார், அவர் வழக்கத்தில் அதற்கு அர்த்தம் என்ன என்று விசாரித்த பிறகே உங்கள் பிள்ளையை ஒப்படையுங்கள்.