செவத்தாள் சுத்தம் செய்த அத்திமரம்

மலையடிவாரத்து ஓடைக்கரையில் பெரிய அத்திமரம் ஒன்று நின்றது. அதில் ஒரு குரங்குக் கூட்டம் குடியிருந்தது. கூட்டத்துக்குத் தலைவி செவத்தாள் என்ற மந்தி.

அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்பார்கள். பிட்டுப் பார்க்காமல் விழுங்குகிறவர்களுக்குத் தொல்லையில்லை. செவத்தாளோ ஒவ்வொன்றையும் பிட்டு, முகர்ந்து, முகம் சுளித்து, அப்புறம்தான் தின்பாள். அவள் தின்று முடிக்கும்வரை மற்றவர்கள் எச்சில் விழுங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும்!

ஒருநாள் அவள் பிட்ட பழத்துக்குள்ளிருந்து கடுகளவு குளவி ஒன்று எட்டிப்பார்த்தது.

"சீ! என் பழத்துல உனக்கென்ன வேலை?"

"நாங்க உள்ள போனாத்தானே தாயி இது பழமாகும்!" என்றது குளவி. "அத்தி பூக்குறத யாரு பாத்திருக்கா? நாங்க பாத்திருக்கோம். பூவெல்லாம் காய்க்குள்ளதான் இருக்கு. ஒரு மரத்துப் பூந்தூளை இன்னொரு மரத்துக்கு நாங்கதான் சுமக்குறோம்."

"கடுகத்தனை இருந்துக்கிட்டு மலையத்தனை பேச்சு! போ அந்தாண்ட!"

ஓடைக்கு அக்கரையில் பெரியகருப்பனின் மாந்தோப்பு. மாமரங்கள் பூத்திருந்த நேரம். அவன் கைப்பம்பால் பூச்சிமருந்து அடிக்கக் கிளம்பியதைச் செவத்தாள் பார்த்தாள். அடிபட்ட பூச்சியெல்லாம் பொத்துப்பொத்தென்று விழுந்தன. 'அடடா, இதுவல்லவா சுத்தம்!' என்று அவளுக்குப் புல்லரித்தது. அவன் முதல் மரத்தை முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். பம்பு அவள் கைக்கு வந்துவிட்டது!

அன்றைக்கே அத்திமரம் முழுக்க அடித்துத் தீர்த்தாள். பழம் தின்ற குரங்குகளுக்கெல்லாம் வயிறு கலங்கியது.

"சுத்தமான பழம் மொதல்ல அப்பிடித்தான் செய்யும்!" என்றாள் செவத்தாள், தன் வயிற்றையும் பிடித்துக்கொண்டே.

மறுபடியும் மரம் காய்த்தது. கொத்துக்கொத்தாக, ஒரு பூச்சிகூட இல்லாத காய்! செவத்தாளுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் காய் பழுக்கவில்லை. பிஞ்சிலேயே வெம்பி உதிர்ந்தது. பச்சைப்புறாக்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. வௌவால்கள் வேறு காடு தேடிப் போயின.

கோடையில் அந்த அடிவாரத்தில் குரங்குகளுக்கு வேறு தீனி கிடையாது. அக்கரைத் தோப்புக்குப் போனால் கல்லடிதான். குட்டிகள் உதிர்ந்த பிஞ்சைக் கடித்துவிட்டு அழுதன. "நாங்களும் வேற மலைக்குக் கிளம்புறோம். நீ உன் சுத்தத்தைக் கட்டிக்கிட்டு இரு!" என்றது கூட்டம்.

செவத்தாள் கிளையிலிருந்து குதித்தாள். "பொறுங்க, நான் தீனி கொண்டாறேன்" என்று தோப்புக்கு ஓடினாள். அங்கே பார்த்தால் மாமரங்கள் காய்ப் பாரம் தாங்காமல் வளைந்து கிடக்கின்றன!

'மருந்து என்கிட்ட இருக்கு. காய் மட்டும் எப்படி அவன்கிட்ட இருக்கு?' அவளுக்கு மண்டை காய்ந்தது.

மரத்தடியில் பெரியகருப்பன் மனைவி பஞ்சவர்ணத்திடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "பம்பைக் குரங்கு தூக்கிட்டுப் போனதும் நல்லதுக்குத்தான் புள்ள! பூவுல ஈயும் தேனீயும் எப்பிடி மொய்ச்சுது பாத்தியா?"

"போன வருசம் மருந்தை அடிச்சு அதுகளைக் கொன்னீங்க, பூவெல்லாம் கருகிப்போச்சு" என்றாள் பஞ்சவர்ணம். "வேலியோரத்து அத்தியை வெட்டப்போறேன்னீங்களே, அதையும் விட்டுருங்க. அதுல இருக்குற பூச்சிக்கும் ஒரு வேலை இருக்கும்."

"சரி, வெட்டல. மருந்தும் இனிமே வேணாம்."

செவத்தாள் வாலைச் சுருட்டிக்கொண்டு வேலியோர அத்திக்குப் போனாள். ஒரு காயின் மேல் குளவி ஒன்று உட்கார்ந்திருந்தது.

"நான் செஞ்சது தப்பு. எங்க மரத்துக்கும் வருவியா?"

"வர்றதுக்கென்ன தாயி? வழியில மருந்து இல்லாம இருந்தாச் சரி!"

செவத்தாள் பம்பைக் கொண்டுவந்து வேலியோரம் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தாள். பெரியகருப்பன் சிரித்தபடி அதை எடுத்துக் கழுவிப் பரணில் போட்டான். அது இன்னும் அங்கேயே துருப்பிடித்துக் கிடக்கிறது. காற்றில் மாம்பழங்கள் உதிர்ந்தபோது, பொறுக்க வந்த குரங்குகளை அவன் கல்லெறிந்து விரட்டவில்லை. அவற்றைத் தின்றே கூட்டம் கோடையை ஓட்டியது.

மழைக்குப் பின் ஓடைக்கரை அத்தி சிவக்கச் சிவக்கப் பழுத்தது. புறாக்கள் திரும்பின. வௌவால்களும் திரும்பின. செவத்தாள் முதல் பழத்தைப் பிட்டாள். உள்ளே கடுகளவு குளவி!

கூட்டமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. செவத்தாள் குளவியை விரல் நுனியில் ஏற்றி, பதமாக ஊதிவிட்டாள்.

"போயிட்டு வா தாயி! அக்கரை மரத்துக்கு வழி தெரியுமில்ல?" என்றாள். பிறகு பழத்தைப் பசியோடிருந்த குட்டியின் வாயில் வைத்தாள்.

கடுகளவு உயிரையும் வாழவிட்டால்தான் காடும் காய்க்கும், தோப்பும் காய்க்கும், நம் வயிறும் நிறையும்.