உமி விழுங்கிய தீ

அந்தக் காலத்தில் நெல்லும் பேசும், நெருப்பும் பேசும். அப்போதெல்லாம் உமிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு பொறி பட்டால் போதும், காய்ந்த பனையோலை மாதிரி குப்பென்று பற்றிக்கொண்டு கூரை உயரம் எழுந்துவிடும்.

ஆனால் பிள்ளை என்றால் அதற்கு உயிர். பால் பிடித்த நாளிலிருந்து அரிசியை வயிற்றோடு கட்டிக் காத்தது உமிதான். வெயில், பூச்சி, குருவி மூக்கு, எல்லாவற்றையும் தானே வாங்கிக்கொண்டது.

ஒருநாள் சிலம்பாயி என்பவள் அந்த நெல்லை உரலில் இட்டுக் குத்தினாள். முறத்தில் போட்டுப் புடைத்தாள். அரிசி முறத்தில் நின்றது. உமி பறந்து குப்பைமேட்டில் விழுந்தது.

உமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. காற்றடித்த பக்கமெல்லாம் ஓடித் தேடியது. வேலியில் ஒட்டியது, தொழுவத்தில் புரண்டது, மறுபடி குப்பைமேட்டுக்கே வந்தது.

"என் பிள்ளையப் பாத்தியா?" என்று கோழியைக் கேட்டது.

"அரிசியா? அது வீட்டுக்குள்ள போயிருச்சு. உன்னை இனிமே யாரு உள்ள விடுவா? பேசாமக் கெட" என்று சொல்லி, கோழி அதன்மேலேயே ஏறிக் கிளறியது.

"அந்தச் சிலம்பாயி வீட்டைக் கொளுத்தாம விடமாட்டேன்" என்று கறுவியது உமி.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று சிலம்பாயி உமியைக் கூடையில் வாரி உள்ளே வைத்தாள். மூன்று நாள் அடைமழை. விறகெல்லாம் நனைந்துபோயிற்று. சிலம்பாயியின் கைப்பிள்ளை பசியில் வீறிட்டது. அவள் பயந்துகொண்டே உமியை அடுப்பில் கொட்டி நெருப்பு வைத்தாள்.

வந்தது வேளை என்று உமி எழப்போனது. மேலே பானைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"அம்மா, நீயா? உன் வாசம் வருது."

உமி ஆடிப்போனது. "கண்ணு, உன்னையும் சுடுறாளா? இரு, இந்த வீட்டையே..."

"வேணாம்மா. நான் சோறாகப் போறேன். அந்தப் பிள்ளை அழுவுறது கேக்கலையா? நீ குப்புன்னு எரிஞ்சா நான் கருகிருவேன். அப்புறம் என்னையும் குப்பைமேட்டுலதான் கொட்டுவாங்க."

குப்பைமேடு எப்படியிருக்கும் என்று உமிக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்ட தீயை அப்படியே விழுங்கியது. வயிறு வெந்தது. பெற்ற வயிறல்லவா, பொறுத்துக்கொண்டது. சோறு பூவாய் மலரும்வரை சத்தமில்லாமல் கனன்றது. சிலம்பாயி பானையை இறக்கிப் பிள்ளைக்கு ஊட்டினாள். அடுப்பை அவள் திரும்பியும் பார்க்கவில்லை.

அன்று முதல்தான் உமி கொழுந்துவிட்டு எரிவதில்லை. மேலே கறுத்துக் கிடக்கும். அணைந்துவிட்டது என்று நினைத்துக் கையை வைத்தவர்களுக்குத்தான் தெரியும், உள்ளே இருப்பது.