ஜாயிண்டில் கிழியாத காகிதம்

"பதினோரு பெல்ட் போட்டாச்சு. ஒண்ணும் சரியா வரலைங்க," என்றார் நாச்சிமுத்து.

அமலோற்பவம் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க சார்."

நாச்சிமுத்து திரும்பிப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

டிஷ்யூ காகிதம் ஓடுகிற இயந்திரங்களுக்குப் பெல்ட் நெய்யும் ஆலை அது. ஈரக் காகிதம் அந்தப் பெல்ட்டின் மேல் படுத்துக்கொண்டுதான் காயப் போகும். பெல்ட்டில் இழை மேடாக ஏறிய இடத்தில் காகிதம் அழுந்தி இறுகும். இழைகளுக்கு நடுவே பள்ளமான இடத்தில் இறங்கி, உப்பி, மெத்தென்று ஆகும்.

எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று மாடியில் உட்கார்ந்து கட்டத்தாளில் வரைவது நாச்சிமுத்துவின் வேலை. நெய்து இறங்கிய பெல்ட்டின் இரண்டு முனைகளையும் இழை இழையாகக் கோத்து ஜாயிண்ட் போட்டு வளையமாக்குவது அமலோற்பவத்தின் வேலை. அவருக்கு நாச்சிமுத்துவைவிடப் பத்து வயது குறைவு. அவரோடு இன்னும் நாலு பெண்கள். நாச்சிமுத்துவுக்கு அவர்கள் வைத்த பெயர் மாடிச் சார். இருபது வருஷத்தில் அவர் ஜாயிண்ட் அறைக்குள் வந்தது அன்றுதான்.

"வீட்ல அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் அமலோற்பவம்.

அதற்காகத்தான் வந்தேன் என்றார் நாச்சிமுத்து.

அவர் மனைவி வசந்தாமணி சிகிச்சையில் இருந்தாள். மருந்தின் வீரியத்தில் உதடும் வாயோரமும் வெடித்துப் புண்ணாகியிருந்தன. துணி வேண்டாம், கிருமி சேரும், துடைத்தவுடன் எறிகிற காகிதம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கெட்டியான காகிதம் புண்ணைக் கீறியது. மெத்தென்ற காகிதம் ஈரம் பட்டதும் கிழிந்து உதட்டில் ஒட்டிக்கொண்டது. ஒட்டியதைப் பிய்த்தெடுக்கும்போது அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள்.

நாச்சிமுத்து பதினோரு பெல்ட்டில் ஓடிய காகிதத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோனார். பதினோரு தடவையும் அவள், "நல்லாத்தானுங்க இருக்குது," என்றாள். அப்புறம் பேசமாட்டாள்.

வசந்தாமணி பேச்சுக்காரி. ஆயுத பூஜைக்கு ஆலைக்கு வந்தால் ஜாயிண்ட் அறையில்தான் உட்காருவாள். தட்டில் பொரி தீரும், அவள் கதை தீராது என்று அந்தப் பெண்கள் சொல்வார்கள். இப்போது ஒரு நாளைக்கு நாலு வார்த்தை வந்தால் அதிகம்.

சிகிச்சை இன்னும் நாலு மாதம் இருந்தது. பெல்ட்டை ஓட்டிப் பார்க்கும் பேப்பர் மில்லில் பன்னிரண்டாவது பெல்ட்டுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். இதுவே கடைசி என்றும் சொல்லியிருந்தார்கள்.

"மேட்டைக் கூட்டினா கீறுது. பள்ளத்தைக் கூட்டினா கிழியுது," என்றார் நாச்சிமுத்து.

"இதுக்கு நான் என்ன செய்யணும்?"

நாச்சிமுத்து மில் ஃபோர்மேன் கேலியாகச் சொன்னதை அப்படியே சொன்னார். "உங்க காகிதம் எங்க வேணாக் கிழியுது. பெல்ட்டோட ஜாயிண்ட் மேல படுத்து வந்த இடம் மட்டும் கிழியறதில்லை. பேசாம பெல்ட் முழுக்க ஜாயிண்டாவே போட்டுக் குடுத்துடுங்க."

பெண்கள் சிரித்தார்கள். அமலோற்பவம் சிரிக்கவில்லை.

"முதல்ல கிழிய வேண்டிய இடமே அதுதானுங்களே," என்றார் நாச்சிமுத்து. "அங்க மட்டும் எப்படி?"

அமலோற்பவம் எழுந்தார். ஒரு வெட்டுத்துண்டு பெல்ட்டைச் சட்டத்தில் மாட்டினார். கொக்கி ஊசியை அவரிடம் நீட்டினார்.

"ஒரு விரல் அகலம் போடுங்க."

"எனக்குப் பதில் கிடைச்சாப் போதும்."

"ஒரு விரல் அகலந்தான் சார்."

நாச்சிமுத்து உட்கார்ந்தார்.

தலைமுடி கனத்தில் இழை. இடது முனையிலிருந்து ஒன்று வரும், வலது முனையிலிருந்து ஒன்று வரும். பழைய நெசவு போலவே மேலும் கீழும் நுழைத்துக்கொண்டு வந்து, இரண்டும் முட்டுகிற இடத்தில் மிச்சத்தை நறுக்க வேண்டும். லென்ஸில் பார்த்தால் ஊசி தெரியும், கை தெரியாது. கையைப் பார்த்தால் இழை தெரியாது.

அவர் முதலில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். எல்லா இழையையும் அந்தக் கோட்டில் கொண்டுவந்து முடித்தார். பொழுது சாயும்போது ஒரு விரல் அகலம் வந்தது. அத்தனை நேராக இருந்தது.

அமலோற்பவம் இரண்டு கட்டைவிரலையும் வைத்து இழுத்தார். கோட்டோடு கோடாகப் பிரிந்தது.

"நாளைக்கு வாங்க," என்றார்.

மறுநாள் பென்சிலை மாடியிலேயே வைத்துவிட்டு வந்தார். ஆனாலும் கை இருபது வருஷமாகக் கட்டத்தாளில் பழகிய கை. இழைகள் தாமாகவே வரிசையில் போய் நின்றன. சாயங்காலம் அமலோற்பவம் இழுத்தார். பிரிந்தது.

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டில் ஒருத்தி வாயைத் திறக்க முடியாமல் கிடக்கிறாள், எனக்கு இங்கே தையல் வகுப்பா என்று கேட்டார்.

அமலோற்பவம் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் குடிக்கும் வரை நின்றார்.

"இழையை எங்கதான் முடிக்கணும்?" என்று கேட்டார் நாச்சிமுத்து. குரல் இறங்கியிருந்தது.

"இதுக்கு முந்தின இழை முடிஞ்ச இடத்துல முடிக்காதீங்க."

"வேற எங்க?"

"அதுக்கும் முந்தினது முடிஞ்ச இடத்துலயும் வேண்டாம்."

மூன்றாம் நாள் ஒவ்வோர் இழையை முடிக்குமுன்பும் பக்கத்து இழைகள் எங்கே நின்றன என்று பார்த்தார். ஒன்று முன்னால் நின்றது. ஒன்று தள்ளிப் போய் நின்றது. ஒன்றைக் கிட்டத்தட்ட ஓரம் வரை விட்டார். பார்க்கக் கோணல்மாணலாக இருந்தது. அவருக்கே கூச்சமாக இருந்தது.

வேலை முடிந்ததும் அமலோற்பவம் கையை நீட்டவில்லை.

"நீங்களே இழுங்க சார்."

இழுத்தார். பிரியவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். விரல் சிவந்தது, இழை அசையவில்லை.

லென்ஸை வைத்து, தான் போட்ட ஜாயிண்டைத் தேடினார். எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு சட்டென்று எழுந்து மாடிக்கு ஓடினார்.

பதினோரு கட்டத்தாளையும் மேஜைமேல் விரித்தார். ஒன்றில் பள்ளம் பெரிது, ஒன்றில் சிறிது, ஒன்றில் ஆழம். ஆனால் பதினொன்றிலும் பள்ளங்கள் பள்ளிக்கூடப் பிரார்த்தனைக்கு நிற்கும் பிள்ளைகள் போல வரிசையாக நின்றன. தபால்தலைகளுக்கு நடுவே கிழிப்பதற்கென்று குத்திய துளைகள் போலவும் இருந்தன.

அவர் பன்னிரண்டாவது தாளை எடுத்தார். பள்ளத்தைக் குறைக்கவில்லை. மேட்டைக் கூட்டவில்லை. வரிசையை மட்டும் கலைத்தார்.

வெறுங்காலோடு வந்துவிட்டதை வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் கவனித்தார். யாரோ அவர் செருப்பை மாடிப்படியின் முதல் படியில் கொண்டுவந்து, போட்டுக்கொள்ள வசதியாகத் திருப்பி வைத்திருந்தார்கள்.

பன்னிரண்டாவது பெல்ட் நெய்து இறங்கியது. அமலோற்பவமும் நாலு பெண்களும் ஒன்பது நாளில் ஜாயிண்ட் போட்டுக் கொடுத்தார்கள். மில்லில் ஒதுக்கிய நாளில் அது ஓடியது. ஃபோர்மேன் காகிதத்தைக் கிழித்தெடுத்து, நனைத்து, இரண்டு கையாலும் இழுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இதில் ஜாயிண்ட் மேல் வந்த இடம் எது என்று கேட்டார். நாச்சிமுத்துவுக்கும் தெரியவில்லை.

ஒரு கட்டு வீட்டுக்கு வந்தது.

காலையில் வசந்தாமணி கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து காகிதத்தை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூடாது என்று முடிவுசெய்திருந்தார். கேட்டால் நல்லாத்தானுங்க இருக்குது என்பாள்.

அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே ஒரு தாளை எடுத்தாள். வாயோரம் ஒற்றினாள். உதட்டைத் துடைத்தாள். தாள் கிழியவில்லை. கண் மூடவில்லை.

பேச்சும் நிற்கவில்லை. துடைத்த தாளை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து கூட இல்லை, விடாமலே சொல்லிக்கொண்டு போனாள்.

நாச்சிமுத்து குனிந்து கூடையிலிருந்த தாளைப் பார்த்தார். ரத்தம் இல்லை.

அன்று அவர் நேராக ஜாயிண்ட் அறைக்குப் போனார். செருப்பை வாசலில் விட்டார். ஐந்து பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நடந்ததைச் சொன்னார். துடைத்ததை, கிழியாததை, அவள் பேச்சு நிற்காததை. பெண்களில் ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அதற்குத்தானே சார் இத்தனை பெல்ட் போட்டார், ஒரு தாள் வாங்கிக்கோ என்று அவளைக் கேலிசெய்தாள் இன்னொருத்தி. சிரிப்பு வந்தது.

நாச்சிமுத்து அமலோற்பவத்தின் பக்கம் திரும்பினார். கை கூப்பினார்.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைங்க."

அமலோற்பவமும் கை கூப்பினார். அவர் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

"அக்கா என்ன பேசினாங்க?" என்று கேட்டார்.

நாச்சிமுத்து யோசித்துப் பார்த்தார். காலையில் அவர் காகிதத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேசியது காதில் ஏறவில்லை.

அமலோற்பவம் லென்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"போய் அதைக் கேட்டுட்டு வாங்க சார். நன்றியை அப்புறம் சொல்லிக்கலாம்."