செருப்புக் காத்த சத்தியநேசர்

பனையடியூர் ஆலய வாசலில், வேப்பமரத்து நிழலில், ஞாயிறுதோறும் முந்நூறு சோடிச் செருப்புகளுக்கு நடுவே ஓர் அடியார் அமர்ந்திருப்பார். பெயர் பலவேசம். அறுந்த வாருக்கு ஊக்கு மாட்டுவார். சோடி பிரிந்தவற்றைத் தேடிச் சேர்த்து வைப்பார். உள்ளே பாட்டு எழும்பும்போது தாமும் மெல்லப் பாடுவார். ஜெபத்துக்கு எல்லாரும் கண்ணை மூடுவார்கள். அவர் மட்டும் திறந்தே வைத்திருப்பார். அது அவருடைய ஊழியம்.

மூடிய கண்களின் பயனை அவர் முன்பு வேறு வகையில் அறிந்திருந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன், சபையார் ஒன்றாக உட்கார்ந்து விருந்துண்ணும் அசனப் பண்டிகையன்று, ஒரு சாக்கோடு இந்த ஊருக்கு வந்தவர் அவர். செருப்புத் திருடுவது தொழில். நீளமாக ஜெபிக்கும் போதகர்கள்மேல் அவருக்கு அப்போதே தனி மரியாதை உண்டு. பதினாறு சோடி சாக்குக்குள் போன பிறகு, சன்னல் வழியே பிரசங்கம் காதில் விழுந்தது. காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பனைப் பற்றியது. ஆடு கிடைத்ததா என்று தெரியாமல் கிளம்ப அவருக்கு மனம் வரவில்லை. நின்றார். பிடிபட்டார்.

"சாக்குல என்னலே?" என்று கூட்டம் கேட்டது.

"காவலில்லாம கெடந்துச்சு. பத்திரமா எடுத்து வச்சேன்" என்றார். ஊரே சிரித்தது. இரண்டு அடியும் விழுந்தது. போதகர் யோவேல் ஐயர் வந்து விலக்கினார்.

"செருப்பப் பத்தி உம்ம அளவுக்கு விவரம் தெரிஞ்ச ஆளு இந்தச் சபையில கெடையாது. இனி நீரே காவல் இரும்."

அன்று உட்கார்ந்தவர்தான். அதன்பின் ஒரு சோடியும் தொலையவில்லை. ஆனால் அவர் உள்ளே போனதும் இல்லை. ஐயர் அழைக்கும்போதெல்லாம், "செருப்ப யாருய்யா பாப்பா?" என்பார். உண்மைக் காரணம் வேறு. உள்ளே போனால் முந்நூறு முகங்களைப் பார்க்க வேண்டும். குனிந்த தலைக்குப் பாதங்களே போதுமாயிருந்தன. சபைக் கமிட்டியைச் சேர்ந்த எபனேசர் வாத்தியார் வாரந்தோறும், "இன்னைக்கு எத்தன சோடிவே தேறிச்சு?" என்று தவறாமல் கேட்பார். பலவேசமும் தவறாமல் சிரிப்பார். வாத்தியார் உள்ளே போனதும் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலிருக்கும் செருப்பைத் துடைப்பார்.

புதிய ஆலயம் கட்டி முடிந்தது. பிரதிஷ்டை செய்யப் பேராயர் வருகிறார்; அன்றே பலவேசத்துக்கு ஞானஸ்நானம் என்று ஐயர் அறிவித்தார். சத்தியநேசன் என்று பெயரும் குறித்தார்.

"சத்தியமா? எனக்காய்யா?"

"உமக்குத்தான்வே."

அந்த நாள் வந்தது. பேராயர் தம் கறுப்புத் தோல் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார். சபையும் போனது. கடைசியாகப் பலவேசம் படியில் கால் வைத்தார்; திரும்பிப் பார்த்தார். நான்கு ஆண்டுகளில் முதல் முறையாகச் செருப்புகளுக்குக் காவல் இல்லை. அவற்றில் எது முதலில் போகும் என்பதை அவரைவிட அறிந்தவர் எவரும் இல்லை. சப்பாத்தைத் தம் துண்டில் சுற்றி, மஞ்சள் பைக்குள் வைத்து, கையோடு எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவர் ஞானஸ்நானத் தொட்டியருகே நிற்கும்போதுதான், பேராயர் கல்வெட்டுத் திறக்க வெளியே போகவேண்டுமே என்று சப்பாத்தை எடுக்கப் போன எபனேசர் வாத்தியார் ஓடிவந்தார்.

"பேராயரய்யா சப்பாத்தக் காணோம்!"

முந்நூறு முகங்களும் திரும்பின. மஞ்சள் பையின் வாயில் கறுப்பாக இரண்டு முனைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நாலு வருசமா ரப்பரக் காத்துட்டு, தோலு வந்ததும் அமுக்கிட்டான் பாரேன்" என்று யாரோ சொன்னார். சிரிப்பு எழுந்தது. புதிய ஆலயத்தில் எழுந்த முதல் சிரிப்பு அது. யோவேல் ஐயரின் முகம் வாடியதைப் பலவேசம் கண்டார். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அவரைச் சுட்டது.

"எடுத்தது நீர்தானா?" என்று பேராயர் கேட்டார்.

"நாந்தான்யா."

"எதுக்கு எடுத்தீர்?"

பலவேசத்தின் முகம் காதுமடல்வரை சிவந்தது. காவலில்லாமல் கிடந்தது, பத்திரமாக எடுத்து வைத்தேன். அவ்வளவுதான் காரணம். அதே வார்த்தைகள்.

"சொல்ல வெக்கமா இருக்குய்யா. அந்தக் காரணத்த முன்னாலயே ஒருக்க பொய்யாச் சொல்லிட்டேன்."

சிரிப்பு நின்றது. பேராயர் குனிந்து துண்டை விலக்கிப் பார்த்தார். தூசி துடைக்கப்பட்டு, வார்கள் கட்டப்பட்டு, சப்பாத்து குழந்தையைப் போலக் கிடந்தது. அவர் அதை மறுபடி மூடினார்.

"அங்கயே இருக்கட்டும். முழங்கால் போடும். உம்ம பேரென்ன?"

புதிய பெயர் நாவில் ஏறவில்லை. "செருப்புக் களவாணிய்யா" என்றார் பலவேசம்.

"வந்தவர் பேர நான் கேக்கல. எந்திரிச்சுப் போகப்போறவர் பேரென்ன?"

"சத்தியநேசன்" என்றார் அடியார், ஏதோ அடுத்தவர் பொருளை எடுப்பதுபோல. தண்ணீர் தலையில் விழுந்தது. யாரும் கண்ணை மூடவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது எல்லார் செருப்பும் இருந்தது. அடியாருடையது மட்டும் இல்லை. ஊக்கு மாட்டிய நீலவார் ரப்பர் செருப்பு. திருடத் தகுதியே இல்லாதது. எபனேசர் வாத்தியார் தலைகுனிந்து அருகே வந்து, தம் செருப்பைக் கழற்றி நீட்டினார்.

"இதப் போட்டுட்டுப் போரும். நான் பேசுனதெல்லாம்..."

"விடுங்க வாத்தியாரே. இம்புட்டு வருசமா எடுத்தவன் பக்கந்தான நின்னேன்? இன்னைக்குத்தான் ஆண்டவரு என்னப் பறிகொடுத்தவங்க பக்கம் சேத்திருக்காரு" என்று சொல்லி, அடியார் முதல் முறையாக ஒருவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வெறுங்காலோடு உச்சிவெயிலில் தேரிக்காட்டுச் செம்மணலில் நடந்து போனார்.

அன்று அவர் கால் சுடவேயில்லை என்று பனையடியூர்ச் சபையார் இன்றும் சொல்வார்கள். நன்றாகச் சுட்டது என்று அவர் சொல்வார். பெயருக்கேற்ப உண்மையே பேசிய அந்த அடியாரின் பாதங்கள் பட்ட மண்ணில், நாமும் சற்றே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்போமாக.