அசன ஜெபம்

உப்பளத்தை ஒட்டிய ஒரு சபையில் அன்றைக்கு அசனம். அசனம் என்றால் சபையார் எல்லாரும் கூடிச் சமைத்து, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. எட்டு ஆடு, அண்டா அண்டாவாகச் சோறு. கறி வாசனை மதிலைத் தாண்டிப் போகத்தானே செய்யும்? மதிலுக்கு அந்தப் பக்கம் அளத்து ஆட்களின் குடிசைகள். ஐப்பசி மழையில் அளத்து வேலை நின்றுவிட்டால் அவர்கள் வீட்டு அடுப்பும் எரியாது.

வேதமாணிக்கம் சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பாதிரியாருக்குத் துணையாகச் செய்கிற உபதேசியார் ஊழியம் பழகவேண்டும் என்று, அறுபது வயதுக்கு மேல், தன் மகன் வயதுள்ள ஜெபசிங் ஐயரிடம் சேர்ந்திருந்தார். பாதிரியாரை ஐயர் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். முந்தின நாள் குடிசைப் பக்கம் போன சார், பேச்சித்தாயிடம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அசனத்துக்கு வா, வயிறாரச் சாப்பிடலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு நாளாக அந்தப் பிள்ளைகளுக்கு வெறும் கஞ்சித்தண்ணிதான்.

பேச்சித்தாய் வந்தாள். அவள் பின்னால் இன்னும் இருபது பேர் வந்தார்கள். சபைச் செயலாளர் பாக்கியசீலனுக்கு முகம் சுண்டிப்போனது. சபையார் சாப்பிட்டு மிஞ்சினால் பார்க்கலாம் என்றார். மிஞ்சினதைக் கொத்தித் தின்ன அவர்கள் என்ன கோழியா? சொன்னதோடு விட்டாரா, பூட்டையும் சாவியையும் சாரின் கையில் திணித்தார். சாரும் கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெளியே நின்ற பேச்சித்தாய் சின்னவளை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

சார் விறுவிறுவென்று ஐயரிடம் போனார்.

"இவங்கள்லாம் கிறிஸ்தவங்களா ஐயரே? பசிச்சவன வெளிய நிறுத்திட்டு உள்ள கறிச்சோறு. நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி ஒரு வேத வசனம் சொல்லுங்க, பந்தி நடுவுல நின்னு வாசிக்கேன்."

"வசனத்துக்கு என்ன பஞ்சம்? பந்திக்கு வாங்க, சார்" என்றார் ஐயர்.

இலை போட்டுச் சோறும் கறியும் வைத்தாயிற்று. ஐயர் ஜெபம் பண்ணாமல் அசனத்தில் ஒருத்தரும் சோற்றில் கை வைக்கமாட்டார்கள். எல்லாரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். ஐயரும் கண்ணை மூடி நின்றார், நின்றுகொண்டே இருந்தார். வாயிலிருந்து ஒரு வார்த்தை வரக் காணோம். இலையில் குழம்பு ஆறிக் கொழுப்பு படிந்தது. யாரோ இருமினார்கள். பாக்கியசீலன் ஒற்றைக் கண்ணைத் திறந்து, சோறு ஆறுகிறது என்று முணுமுணுத்தார்.

ஐயர் சாரைப் பார்த்தார்.

"இன்னைக்கு அசன ஜெபத்த சார் பண்ணட்டும்."

சாருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நானா? இந்த அநியாயத்துக்கு நான் எப்படி ஸ்தோத்திரம் சொல்லுவேன்? பூட்டச் சொன்னது செயலாளர். அவரே பண்ணட்டும்."

"சொன்னது அவருதான். ஆனா சாவி உங்க சட்டைப்பையில இருக்கு, சார். போயிட்டு வந்து ஆரம்பிங்க. அதுவரைக்கும் நாங்க கண்ண மூடியே இருக்கோம்."